ஒன்று-ஒன்று லபீப்

எங்கள் கட்டடத்தில் நல்ல மனிதர் என்று ஒரே ஒருவர் இருந்தார். முதல் மாடி, முதல் வீடு, நாங்கள் மரியாதையாக உஸ்தாத் என்று கூப்பிடும் லபீப். அவரை நாங்கள் என்ன செய்தோம் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் மாடி முராத் சொன்னால் தன் பங்கை விழுங்கிவிட்டு என் பங்கை மட்டும் சொல்வான். நானும் அவன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். அப்படிப்பட்ட கட்டடம் இது.

லபீப் பிறந்தது மேல் எகிப்தில் மல்லாவியில், வளர்ந்தது எங்கள் பேட்டையான இதே ஷுப்ராவில். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில், நேர அட்டவணைப் பிரிவில் வேலை. ரம்சீஸ் ஸ்டேஷனில் தலைக்கு மேலே தொங்கும் பலகையில் எந்த ரயில் எந்த வரியில் வரவேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் கவலை. மேல் எகிப்திலிருந்து தலையில் கூடையோடு வரும் ஒரு பெண், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், நிமிர்ந்து பார்த்தால் மூன்று எண்ணுவதற்குள் தன் ரயிலைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். முடியாவிட்டால் அது பலகை இல்லை, வெறும் சுவர் என்பார். ஒருமுறை மேலதிகாரி, மந்திரி போகும் ரயிலை முதல் வரியில் போடு என்றார். இவர் நேரப்படிதான் போடுவேன் என்றார். இரண்டு வருஷம் கிடங்கில் பழைய மணிகளை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தும் புத்தி வரவில்லை.

மனைவி இவோன் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் நெர்மீன் மாண்ட்ரியாலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் ஒரு டேப்லெட், சுருக்கமாக டேப், அனுப்பியிருந்தாள். சிம் கிடையாது, வைஃபை மட்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதில் மகளின் முகம் வரும். அதற்காக இவர் மூன்று மணிக்கே முகம் மழித்து, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்துவிடுவார். இடுப்புக்குக் கீழே பைஜாமாதான். கேமராவுக்கு அது தெரியாதல்லவா! அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் மனிதர் சாப்பிட்டார், தூங்கினார்.

சிக்கல் எங்கே என்றால், பட்டியலில். டேப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் வரிசையாக வருமே, அந்தப் பட்டியல். அதில் நாற்பத்தோரு வரி. அவர் மோடம் ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை, நடுவில் பழங்காலச் சுவர். பாதிப் பேச்சில் டேப் கைவிட்டுவிடும். அப்புறம் பட்டியலில் தன் பெயரைத் தேட வேண்டும். கண்ணில் புரை, கையில் நடுக்கம். விரல் இறங்குவதற்குள் வரி ஒரு படி மேலே ஏறிவிடும். கீழே முராதின் செல்போன் கடை இருக்கிறது. அங்கே ‘வாங்க இலவசம்’ என்று ஒரு வைஃபை. டேப் தானாகப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். போன் உறை விலையும் சார்ஜர் விலையும் வரும், மகள் வரமாட்டாள்.

மற்ற நாற்பது வரி என்ன என்று கேட்டால் எனக்கு வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எங்கள் கட்டடத்தில் யாரும் முகத்துக்கு நேராகத் திட்டமாட்டோம். வைஃபைக்குப் பெயர் வைத்துத் திட்டுவோம். ‘நெட் திருடன் கை அழுகும்.’ ‘செருப்பைப் படியில் வைக்காதே.’ ‘2-2 வெங்காயம் நாறுது.’ பதினைந்து பதினாறு எழுத்துக்கு மேல் அதில் ஏறாது. அதனால் நாக்கு சுருங்கி ஊசியாகிவிட்டது. ஒருமுறை மாமியார் வந்திறங்கிய அன்று முராத் ‘சாகிறேன் காப்பாத்துங்க’ என்று வைத்தான். கால் மணி நேரத்தில் இரண்டாம் மாடி மதாம் இன்ஷிராஹ், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, கட்டடத்தின் மானமே தன் தலையில் இருப்பதாக நடக்கிறவள், ‘செத்தா நாற்காலி எனக்கு’ என்று வைத்தாள். நான் வைத்தது எல்லாவற்றையும்விட மோசம், இங்கே எழுத முடியாது. மூன்றாம் மாடி ரஷ்வான் வாயில் விழுந்தால் எழ முடியாது என்று பெயர் எனக்கு. நான் வேலை பார்க்கும் தண்ணீர்வாரிய அலுவலகத்தில் என்னை யாரும் மதிப்பதில்லை. கட்டடத்தில் அந்தப் பட்டியலால்தான் எனக்கு மரியாதை. சாயங்காலம் தேநீரோடு எல்லோரும் போனைத் திறந்து அதை வாசித்துச் சிரிப்போம்.

லபீப் அதைப் பார்த்து எரிந்தார். திட்டுக்காக இல்லை. வாசிக்க முடியவில்லையே என்பதற்காக.

ஒரு நாள் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினார்.

“ரஷ்வான், வரிசையை மாத்த என்னால முடியாது. அது போன் செஞ்சவன் மூளை. பேரையாவது மாத்தலாம்ல? முதல்ல மாடி, அப்புறம் வீடு, அப்புறம் குடும்பப் பேரு. 3-2 ரஷ்வான். முடிஞ்சுது.”

“எனக்கென்ன லாபம் உஸ்தாத்?”

“என்கிட்ட பெரிய பேக்கேஜ் இருக்கு. எனக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் போதும். மாசக் கடைசியில டேட்டா தீர்ந்தவங்க என் மோடத்துல ஏறிக்கட்டும். பாஸ்வேர்ட் தரேன். ஆனா பேரு மட்டும் நான் சொல்றபடி.”

இந்த ஊரில் எல்லோருக்கும் இருபதாம் தேதிக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அவர் கேட்டது பெயர், கொடுத்தது நெட். பன்னிரண்டு வீடும் தலையாட்டியது. ஒரு மாதம் முட்டிவலியோடு ஏறி இறங்கி, ஒவ்வொரு மோடத்தையும் தன் கையால் மாற்றினார். ஒரே மோடம் இரண்டு பெயர் காட்டினால் ஒன்றை அணைத்தார். காலி செய்துபோனவர்கள் விட்டுப்போன பெட்டிகளைப் பிடுங்கவைத்தார். முராதின் ‘இலவச’த்தைக்கூட நிறுத்தவைத்தார். என் வீட்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்:

“உன்னோடது என் ரூம்ல சிக்னல் ரெண்டு கோடு காட்டும். இன்ஷிராஹ் மதாமோடது மூணு. முராதோடது ஒண்ணு. பேரே இல்லைன்னாலும் கோட்டைப் பாத்து எந்த வீடுன்னு சொல்லிடுவேன்.”

நாற்பத்தொன்று பன்னிரண்டானது. முடிந்த அன்று டேப்பை என் மூக்குக்கு நேரே நீட்டினார். “எண்ணு. மூணு எண்ணுறதுக்குள்ள கண்டுபிடிக்கிறேன்.” ஒன்று சொல்வதற்குள்ளேயே விரல் 1-1 லபீப் மேல் இருந்தது. மனிதர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளே ஏதோ பறிபோனதுபோல இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் இன்னொரு வசதியும் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் மோடத்தை அணைத்துவிட்டுத்தான் போவார்கள், எங்கள் வழக்கம். அதனால் வரி இருந்தால் ஆள் இருக்கிறார், வரி இல்லாவிட்டால் ஆள் இல்லை. 4-1 ஊருக்குப் போனதும் வந்ததும் கதவைத் தட்டாமலே தெரிந்தது. கொஞ்ச நாளில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.

ஆனால் அவருடைய டேட்டாவை நாங்கள் மாசக் கடைசிக்கு விட்டுவைக்கவில்லை. முதல் தேதியிலிருந்தே ஏறினோம். நம்முடையதை ஏன் செலவழிக்க வேண்டும்? பத்தாம் தேதிக்குள் அவர் பேக்கேஜ் காலி. ஞாயிறு ஐந்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்து இரண்டு நிமிஷம் பேசுவாள். குரல் வரும். முகம் வராது.

முட்டியைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார்.

“ரஷ்வான், ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வையுங்கப்பா.”

“நானா? உஸ்தாத், உங்க நெட்டை நான் தொட்டே மாசக்கணக்காச்சு. இன்ஷிராஹ் மதாமைக் கேளுங்க.”

சொல்லும்போது என் கையில் போன் இருந்தது. உள்ளே என் மனைவியின் தொடர் அவர் நெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார், உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டார். மெல்ல மேல் மாடிக்கு ஏறினார். மேலே முராத் வெளிப்படையாகவே பேசினான், அந்தமட்டும் அவன் என்னைவிட யோக்கியன்.

“பாஸ்வேர்டை மாத்துங்களேன் உஸ்தாத், யாரு வேணாங்கறா? ஆனா அன்னைக்கே நாங்களும் பழைய பேருக்குப் போயிடுவோம். உங்க பட்டியலை நீங்களே உக்காந்து எண்ணுங்க.”

நெட் இருந்தால் பட்டியல் இல்லை, பட்டியல் இருந்தால் நெட் இல்லை. என்றைக்காவது எங்களுக்கு மனசு இரங்கும் என்று நம்பி, அவர் பட்டியலை வைத்துக்கொண்டார். புரை விழுந்தது அவர் கண்ணில் மட்டும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இதை அப்புறம் டாக்டர் சொன்னதையும் நாங்கள் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். கட்டிலிலிருந்து எழும்போது அவருக்கு மூளையில் ரத்தம் அடைத்து, வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே சரிந்தார். வாய் கோணி, குரல் போய்விட்டது. தொலைபேசி கூடத்தில். கையெட்டும் தூரத்தில் டேப் மட்டும். அதில் டேட்டா இல்லை, நாங்கள் எட்டாம் தேதியே குடித்துத் தீர்த்துவிட்டோம்.

ஆனால் டேட்டா இல்லாவிட்டாலும் மோடத்தின் உள்பக்கம் திறக்கும், பெயரை மாற்றலாம். பன்னிரண்டு வீட்டுக்கு மாற்றிய விரலல்லவா! இடது கையால் தட்டினார். 1-1 லபீப் என்பது முழுக்க அழிந்தது. ‘விழுந்துட்டேன் வாங்க’ என்று வைத்தார். மாடி எண்ணும் பெயரும் மறுபடி போட அவரால் முடியவில்லை. பெயர் மாறியதும் டேப்பின் தொடர்பு அறுந்துபோனது. மறுபடி சேர நீளமான பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும், இடது கையால் அது ஆகவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை. அப்புறம் அவரால் செய்ய முடிந்தது பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்.

மத்தியானம் முராத் அதைப் பார்த்தான். யாரோ பழைய விளையாட்டை ஆரம்பித்துவிட்டார்கள் என்று குஷியாகிவிட்டான். ‘விழுந்தா எழுந்திரு’ என்று வைத்தான். இன்ஷிராஹ் மதாம் ‘தலையணை அனுப்பவா’ என்று வைத்தாள். நான் மூன்று மணிக்குப் பார்த்தேன். எத்தனை மாதமாக நாக்கு அரித்துக்கொண்டிருந்தது தெரியுமா? ஒரு தேநீர் போட்டுக்கொண்டு, யோசித்து, செதுக்கி, ‘பாஸ்வேர்ட் சொல்லிட்டு சாவு’ என்று வைத்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஐந்தேகாலுக்கு நெர்மீனிடமிருந்து செய்தி. ‘அங்கிள் ரஷ்வான், பாபா டேப்லயும் வரல, வீட்டு போனும் எடுக்கல. கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?’

என் வீட்டிலிருந்து அவர் கதவுக்கு நாற்பது படி. நான் பட்டியலைத்தான் பார்த்தேன். 1-1 லபீப் என்ற வரி இல்லை. வரி இல்லாவிட்டால் ஆள் இல்லை, அவரே எங்களுக்குப் பழக்கியது. ‘மோடத்தை அணைச்சுட்டு தன்தா ஊர்ல உங்க அத்தை வீட்டுக்குப் போயிருப்பார்மா. கவலைப்படாதே’ என்று எழுதி, கூடவே ஒரு ரோஜாப்பூப் படமும் அனுப்பினேன்.

மறுநாள் திங்கள் மத்தியானம் படியில் முராத் என் தோளில் அடித்தான்.

“அட்டகாசம்யா ரஷ்வான்! பாஸ்வேர்ட் சொல்லிட்டு சாவு! ஆனா ஆரம்பிச்சவன் சப்பை. விழுந்துட்டேன்னு வச்சா அதுல என்ன ருசி?”

“நீதானே ஆரம்பிச்சே?”

“நானா? நான் பதில்தான் போட்டேன். மதாமா இருக்கும்.”

மதாம் இன்ஷிராஹ் கதவைத் திறந்து, “எனக்கு வேற வேலை இல்லையா? நானும் பதில்தான் வச்சேன்” என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தேன். அந்த வரிக்குப் பக்கத்தில் மூன்று கோடு. கீழே இறங்கினோம். ஒரு திருப்பம் இறங்கியதும் நாலு கோடு. முதல் மாடியில், முதல் வீட்டு வாசலில், கோடு முழுக்க நிரம்பி நின்றது. இன்ஷிராஹ் மதாம் வாயைப் பொத்திக்கொண்டாள். முராத் தோளால் கதவை இடித்தான்.

உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. டேப் மார்பில் கிடந்தது, சார்ஜ் இன்னும் கொஞ்சம் மிச்சம். நான் குனிந்தபோது திரை வெளிச்சமானது. பட்டியல். பெரிய எழுத்து, சுத்தமான வரிகள், யாரும் மூன்று எண்ணுவதற்குள் வாசித்துவிடலாம். முந்தின நாள் காலையிலிருந்து அவருக்கு வாசிக்க வேறு எதுவும் இருந்திருக்காது.

அதற்கப்புறம் என்னைப்போல் ஓடியவன் யாரும் இல்லை. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, மருந்து, அவருடைய தேவாலயப் பாதிரியாருக்குச் சொல்வது எல்லாம் நான்தான். கண்டுபிடித்ததே ரஷ்வான்தான் என்று தெருவில் பேச்சு. தண்ணீர்வாரியத்தில் முதல்முறையாக என்னை உட்காரச் சொன்னார்கள். அந்தப் புகழை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முராதும் மதாமும் திங்கட்கிழமை சாயங்காலமே தங்கள் வரியைப் பழையபடி மாற்றிவிட்டார்கள். நான் அலைச்சலில் மறந்துவிட்டேன். அலைச்சலா, மமதையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

பதினாறாம் நாள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நெர்மீன் மாண்ட்ரியாலிலிருந்து வந்துவிட்டாள். நான் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு எடுத்துக்கொண்டு போனேன். முதுகில் தலையணை வைத்து அவரைச் சாய்த்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. பேச்சு வரவில்லை, இனி வராது என்றார் டாக்டர். இடது கை மட்டும் போர்வைமேல் இருந்தது.

“வாங்க அங்கிள். நீங்க மட்டும் இல்லைன்னா எங்க பாபா எனக்கு இல்ல” என்று நெர்மீன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான், “இதென்னம்மா, பக்கத்து வீட்டுக்காரன் செய்யறதுதானே” என்றேன். வாய் கூசவில்லை.

“மோடத்துக்குப் பழைய பேரையே வச்சிருக்கேன், 1-1 லபீப். டேட்டாவும் போட்டாச்சு. இனிமே பாபாவோட முகத்தையாவது ஞாயித்துக்கிழமை நான் பாக்கணும்ல” என்று டேப்பைத் திறந்தாள். பட்டியல் வந்தது. விரல் நகர்ந்து நடுவில் நின்றது.

“இது என்ன அங்கிள்? பாஸ்வேர்ட் சொல்லிட்டு சாவு... யாரு வச்சது இது?”

ஆரஞ்சுத் தட்டை மேசையில் நேராக நகர்த்தி வைத்தேன். “தெரியலம்மா. மேல யாராவது போக்கிரியா இருக்கும்” என்றேன்.

கட்டிலில் போர்வை அசைந்தது. லபீப் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். ரயில் எந்த மேடை என்று கேட்கும் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இடது கையை மெதுவாகத் தூக்கினார். மூன்று விரல் காட்டினார். மகள் கவனிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு விரலை மடக்கினார். இரண்டு.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அவர் மகளிடம் பெருமையாகச் சொன்ன எண் முறை அது, முதலில் மாடி, அப்புறம் வீடு. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டேப்பைப் பார்த்தாள், அப்பாவின் விரலைப் பார்த்தாள், தன் போனை எடுத்து அன்று நான் அனுப்பிய செய்தியை, ரோஜாப்பூவோடு, கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையிலிருந்த ஆரஞ்சுத் தட்டை அப்படியே எடுத்து என் கையில் கொடுத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.